வானத்துக்குப் போன பதினொரு கன மீட்டர்

எங்கள் ஷிலெங்கா கிராமத்தில் காலையில் கூரைமேல் எழும் புகையைப் பார்த்தே பாதிச் சேதி தெரிந்துகொள்வோம். வெள்ளையாக நேரே எழும்பினால் காய்ந்த விறகு, சாமர்த்தியமான பெண்பிள்ளை. கறுப்பாகச் சுருண்டு விழுந்தால் பச்சை விறகு, சோம்பேறிப் புருஷன். ஒன்பது மணிவரைக்கும் புகையே இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டிவிடுவார். உள்ளே இருப்பவர் குடித்துவிட்டுக் கிடப்பார், அல்லது போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறுவரை ஒரு வீட்டில் ஓயாமல் புகை வந்துகொண்டிருந்தால் அதற்கு என்ன பொருள் என்பது 2003 ஜனவரிவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

அது ஸவேலிச் வீட்டுப் புகை. முழுப்பெயர் வெனியமின் ஸவேலியெவிச்; அவ்வளவு நீளம் கூப்பிட்டால் வாய் உறைந்துபோகும் என்று ஊரே ஸவேலிச் என்று சுருக்கிவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய இயற்பியல் வாத்தியார். 1966இல் நகரத்திலிருந்து வந்தவர். சுவரோரம் குழாயில் வெந்நீர் ஓடி வீடு தானாகச் சூடாகும் மாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். இங்கே கபிதலீனாவைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். விறகு பிளப்பார், பிளந்ததைக் கொட்டகையில் நூல் பிடித்தாற்போல் அடுக்குவார், கை நிறையச் சுமந்து வந்து அடுப்பு முன்னால் போடுவார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. மூட்டுவதும் மூடுவதும் கபிதலீனா. எங்கள் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான், ஆகவே அவருக்கு அடுப்பு தெரியாது என்று யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை.

அந்த ஜனவரியில் கபிதலீனா தண்ணீர் வாளியோடு படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எதிர்வீட்டு ரூஃபா, காலையில் தான் வந்து அடுப்பு மூட்டித் தருவதாக அவரிடம் சொன்னாள். அவர் வேண்டாம் என்றார். வெப்பத்தைப் பற்றி முப்பது வருடம் பாடம் நடத்திய மனுஷன் ஓர் அடுப்பைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்றாராம். ரூஃபா அதை அப்படியே என் கடையில் வந்து சொன்னாள். நான் ஃபைனா, ஊர்க்கடையை நடத்துகிறவள். எல்லாச் சொல்லும் கடைசியில் என் கல்லாவுக்குத்தான் வந்து சேரும்.

நாலாவது நாளே விஷயம் தெரிந்துபோயிற்று. எங்கள் அடுப்பு செங்கல் அடுப்பு, அறைக்கு அறை சுவர் போல நிற்பது. காலையில் இரண்டு மணி நேரம் நன்றாக எரித்து, தணலான பிறகு புகைபோக்கியின் கழுத்தில் இருக்கும் இரும்புத் தகட்டைத் தள்ளி மூடிவிட வேண்டும். பிறகு விறகே வேண்டாம். செங்கல் வாங்கி வைத்த சூடு மறுநாள் காலைவரை வீட்டைக் காக்கும். மூடாவிட்டால் சூடெல்லாம் புகை போன வழியே போய்விடும். தணலில் நீலச்சுவாலை ஓயுமுன் மூடினால் விஷக்காற்று அறைக்குள் இறங்கும். அதற்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம், அப்புறம் சவப்பெட்டி. ஸவேலிச் தகட்டைத் தொடவேயில்லை. அதனால் நாளெல்லாம் விறகைப் போட்டுக்கொண்டே இருந்தார், வீடு நாளெல்லாம் குளிர்ந்துகொண்டே இருந்தது. அவர் கூரையில் புகைபோக்கியைச் சுற்றிப் பனி உருகி ஓடு தெரிந்தது. ஊர்க் காக்கைகள் அத்தனையும் அங்கே போய் வரிசையாக உட்கார்ந்து குளிர்காய்ந்தன.

ஒரு வாரம் கழித்து நகரத்திலிருந்து மின்சாரக் கணப்பு ஒன்றை வரவழைத்தார். அதைச் செருகிய மறுநிமிடம் அந்தத் தெரு முழுக்க விளக்கு அணைந்தது. கம்பத்தில் ஏறிச் சரிசெய்தவன் இறங்கி வந்து திட்டிய திட்டு ஆற்றங்கரைவரை கேட்டது. அவர் அந்தக் கணப்பைச் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டார்.

எனக்கு இதிலெல்லாம் ஒரே சந்தோஷம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி அவர் கூரையைத்தான் பார்ப்பேன். காக்கைகள் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தேநீர் இன்னும் கொஞ்சம் இனித்தது.

காரணம் இருந்தது. என் அம்மா உஸ்தின்யா எங்கள் பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டும் வேலை பார்த்தவள். ஆறு வகுப்பறை, ஆறு அடுப்பு. விடியற்காலை நாலு மணிக்குப் போய்விடுவாள். 1973இல் நான் ஏழாம் வகுப்பு. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்த நாள். ஸவேலிச் அன்றைக்கு வெப்பத்தைப் பற்றி நடத்தினார். வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டு வேண்டுமல்லவா? நம் பள்ளிக்கூடத்து அடுப்பையே எடுத்துக்கொள்வோம் என்றார். உஸ்தின்யா பெத்ரோவ்னா நியாயமாக மூடவேண்டிய நேரத்துக்கு முக்கால் மணி பிந்தித் தகட்டை மூடுகிறார். ஒரு குளிர்காலத்துக்கு இத்தனை விறகு எரிகிறது. அப்படியானால் வானத்தைச் சூடாக்க எவ்வளவு விறகு போகிறது, கண்டுபிடியுங்கள் என்றார். வகுப்பு சிரித்தது. கணக்கை யாரோ கரும்பலகையில் போட்டார்கள். பதினொரு கன மீட்டர் என்று வந்தது. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்துக்கு வரும் விறகில் சரியாகப் பதினொரு கன மீட்டரைக் குறைத்துவிட்டார்கள். பிப்ரவரியில் ஒரு நாள், இரண்டாம் பாடவேளையில், எங்கள் வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையைப் பெஞ்சில் சாய்த்தார்கள். ஒரு பெண் வாந்தி எடுத்தாள். ஸவேலிச் நாற்காலியைத் தூக்கி ஜன்னலை உடைத்தார், எங்களை ஒவ்வொருவராகச் சுமந்துபோய் வெளியே பனியில் படுக்கவைத்தார். யாரும் சாகவில்லை. தகட்டைச் சீக்கிரம் மூடியதற்காக அம்மாவை வேலையை விட்டு நீக்கினார்கள். அப்புறம் பதினைந்து வருடம் கன்றுக்குட்டிக் கொட்டிலில் சாணி வாரினாள். பிந்தி மூடினாலும் குற்றம், முந்தி மூடினாலும் குற்றம். இந்தக் கதையை முப்பது வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம், கடைக்கு வந்த பிறகு கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் இப்போது வானத்தைச் சூடாக்குகிறார் என்றால் என் வாய் சும்மா இருக்குமா?

ஒரு செவ்வாய்க்கிழமை, ரொட்டி வண்டி வந்த நேரம், கடையில் பத்துப் பேர் நின்றார்கள். நான் கல்லாவுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று, அவர் வகுப்பில் பேசுவது போலவே மூக்கால் பேசிக் காட்டினேன்.

"கணக்கு எழுதிக்குங்க பிள்ளைங்களா. ஒரு வாத்தியார் ஒரு நாளைக்குப் பத்துச் சுமை விறகு எரிக்கிறார். தகட்டை மட்டும் தொடமாட்டேங்கிறார். வானத்துக்கு எத்தனை போகும், வீட்டுக்கு எத்தனை மிஞ்சும்?"

டிராக்டர் ஓட்டும் கென்கா, அவனும் என் வகுப்புதான், யோசிப்பது போல் தலையைச் சொறிந்தான்.

"வானத்துக்கு எட்டு, காக்காய்க்கு ரெண்டு. வீட்டுக்கு வாத்தியார்தான் மிச்சம்."

கடை அதிர்ந்தது. ரூஃபா மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பல்வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் பார்த்தேன், ஸவேலிச் கதவோரம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. புருவமெல்லாம் பனி. முன்னால் வந்து, ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். கழற்றி வைத்த கையுறை ஒன்று மேசைமேலேயே கிடந்தது. கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். கூப்பிடவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கபிதலீனாவின் தொலைபேசி. ஊரில் ஒழுங்காகப் பேசுகிற தொலைபேசி என் கடையில்தான் இருக்கிறது, அதுவும் பழசு. அந்தப் பக்கம் பேசுவது கடை முழுக்கக் கேட்கும். ஆள் அனுப்பி அவரை வரவழைத்தேன். ஆட்டுத்தோல் கோட்டு, அதற்குள் கம்பளிச் சட்டை, அதற்குள் இன்னொன்று, கழுத்தில் பெண்டாட்டியின் சால்வை. அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு பேசினார்.

"வீடு கதகதன்னு இருக்கு காபா. வெறும் சட்டையோடதான் உக்காந்திருக்கேன்."

நான் மாவுச் சாக்கைத் தைப்பது போல் குனிந்துகொண்டேன். சனிக்கிழமை தன்னை விடுகிறார்கள் என்றாள் கபிதலீனா. மகள் இன்னா வண்டி எடுத்துக்கொண்டு வருகிறாள். டாக்டர் சொல்லிவிட்டார், எழுந்து நடமாட முடியாத உடம்பு, வீட்டில் பதினெட்டு டிகிரியாவது இருக்கவேண்டும், இல்லையென்றால் நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று. இன்னா கையோடு தெர்மாமீட்டர் கொண்டு வருகிறாளாம். பதினெட்டு இல்லையென்றால் அப்படியே வண்டியைத் திருப்பித் தன் ஊருக்குக் கூட்டிப்போய்விடுவாளாம்.

"அவ வீடு அஞ்சாவது மாடி, வேன்யா. அங்க ஏத்திட்டா என்னைப் பெட்டியிலதான் இறக்குவாங்க. ஒண்ணு கேக்கிறேன், பொய் சொல்லாத. தகட்ட எப்ப மூடுற?"

கம்பியில் இரைச்சல் மட்டும் வந்தது.

"மூடவே இல்ல, அதானே? உஸ்தின்யாகிட்ட போ."

"அவங்க முகத்துல நான் எப்படிப் போய் முழிப்பேன்?"

"கால் இருக்கில்ல, அதால நடந்து போ. எனக்குத்தான் இப்பக் கால் இல்ல."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சாக்கைத் தைத்துக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து வாசற்படியருகேயே நின்றுவிட்டார். கூப்பிடாமல் கூரையின் நடு உத்தரத்தைத் தாண்டி எங்கள் ஊரில் விருந்தாளி யாரும் உள்ளே வருவதில்லை. அம்மா கூப்பிடவும் இல்லை. எழுபத்துநாலு வயது அவளுக்கு. உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை மட்டும் நிறுத்தினாள்.

"உஸ்தின்யா பெத்ரோவ்னா, எனக்கு அடுப்பு மூடத் தெரியல."

"மூடத் தெரியலையா, மூடப் பயமா?"

"பயம்."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. வகுப்பில் எல்லார் முன்னாலும் பேர் சொல்லிக் கேலி செய்தபோது மட்டும் பயமில்லையா என்று ஆரம்பித்தேன். அம்மா என் பக்கம் திரும்பாமலே, வாயை மூடு என்றாள். எழுந்து கம்பளிப் பூட்ஸைப் போட்டாள், சால்வையைச் சுற்றினாள். நான் கடையிலிருந்து எடுத்துவந்து அலமாரியில் போட்டிருந்த அந்த ஒற்றைக் கையுறையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. நானும் கடையைத் திறக்கப் போகாமல் பின்னாலேயே போனேன். உதவிக்குப் போனேன் என்று சொன்னால் பொய். அவர் கெஞ்சுவதைப் பார்க்கப் போனேன்.

அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய தெர்மாமீட்டர் ஏழு டிகிரி காட்டியது. ஜன்னலின் உட்பக்கம் விரற்கடை கனத்துக்குப் பனி. கட்டில்மேல் கபிதலீனாவின் பூந்தொட்டிகள் வரிசையாக நின்றன, அவற்றின்மேல் ரஜாய் போர்த்தியிருந்தது. அப்படியானால் இவர் எதைப் போர்த்திக்கொண்டு எங்கே படுத்தார் என்று பார்த்தேன். அடுப்பு முன்னால் ஒரு நாற்காலியும் ஒரு பழைய கோட்டும் இருந்தன. எனக்கு இனித்துக்கொண்டிருந்த தேநீர் அப்போது தொண்டையில் கொஞ்சம் கசந்தது. கொஞ்சம்தான்.

அம்மா விறகைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தாள். நல்ல பிர்ச் விறகு, நன்றாக அடுக்கியிருக்கிறார் என்று பாராட்டினாள். பிறகு அவரையே மூட்டச் சொன்னாள். அவள் எதையும் தொடவில்லை, முக்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தாள். எல்லாக் கட்டையும் ஒரே பருமனாக இருக்கட்டும், ஒன்றாக எரிந்து ஒன்றாகத் தணலாக வேண்டும் என்றாள். எரிகிறபோது புதிதாக எதையும் போடக்கூடாது என்றாள். அவர் அதற்குள் ஒரு கட்டையைக் கையில் எடுத்துவிட்டார். சொன்னதும் கீழே வைத்தார். பதினைந்து நாளாக அவர் செய்த தப்பு அதுதான். புதுக்கட்டை போடப் போட அடுப்பில் நீலச்சுவாலை ஓய்வதேயில்லை, ஓயாததால் மூட வழியுமில்லை.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. தணலாகிவிட்டது. அம்மா கிளறச் சொன்னாள். தணலின்மேல் சின்னச் சின்ன நீல நாக்குகள் ஓடின. அவர் முகம் வெளிறியது.

"கொள்ளி ஒண்ணு உள்ள இருக்கு, தேடுங்க," என்றாள் அம்மா. "எல்லாம் எரிஞ்ச பிறகும் ஒண்ணு பிந்தி நிக்கும். அதுதான் இத்தன நீலத்தையும் கக்குது. அத நம்பித் தகட்ட மூடினா ஆள் காலி. அது எரியட்டும்னு காத்திருந்தா சூடு காலி. எடுத்து வெளிய போடுங்க."

ஸவேலிச் தணலைப் புரட்டினார். மூலையில் சாம்பலுக்கடியில் கறுப்பாக ஒரு கட்டை, முழம் நீளம்கூட இராது. இடுக்கியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிப் பனிக்குள் செருகினார். திரும்பி வந்து மறுபடியும் முட்டி போட்டு அடுப்புக்குள் பார்த்தார். நீலம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்து, இல்லவே இல்லை. தணல் மட்டும் பொன்னாக மினுங்கியது.

"இப்ப மூடலாம்," என்றாள் அம்மா.

அவர் எழுந்து தகட்டின் கைப்பிடியைப் பிடித்தார். தள்ளவில்லை.

"அந்த நீலத்தப் பாத்தாலே, பனியில படுக்க வச்ச பிள்ளைங்கதான் தெரியுது. அன்னைக்கப்புறம் நான் எந்தத் தகட்டையும் தொட்டதில்ல. காபாவுக்குத் தெரியும், அதான் அவ என்னை விட்டதே இல்ல." கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தக் கணக்கக் கொடுத்தது நான் உஸ்தின்யா பெத்ரோவ்னா. வந்த ஆள் என் பாடத்த மெச்சணும்னு கொடுத்தேன். அதால உங்க வேல போச்சு. முப்பது வருஷம் ஒரே தெருவுல இருந்துக்கிட்டு இத வந்து சொல்ல எனக்கு வாய் வரல."

நான் கதவில் சாய்ந்து நின்றிருந்தேன். இதற்குத்தான் முப்பது வருடம் காத்திருந்தேன். சொல், இன்னும் சொல், மண்டியிட்டுச் சொல் என்று மனசுக்குள் ஓடியது. அம்மா என்ன பதில் கொடுக்கப் போகிறாள் என்று அவளைப் பார்த்தேன்.

அம்மா விரலால் என் பக்கம் காட்டினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொடுத்தது நீங்க. போட்டது இவ."

அம்மா மேலே சொல்லிக்கொண்டு போனாள்.

"அந்த வாரச் சனிக்கிழமை குறிப்பேட்டக் கொண்டாந்து நீட்டினா. இயற்பியல்ல அஞ்சு. எதுக்குடி அஞ்சுன்னு கேட்டேன், சொன்னா. கையெழுத்துப் போட்டேன். சரி, தள்ளுங்க வாத்தியாரே, சூடு போகுது."

அவர் தள்ளினார். தகடு கிரீச்சென்று போய் முட்டியது.

மேலே நான் எழுதியதைத் திருப்பிப் பாருங்கள். கணக்கை யாரோ கரும்பலகையில் போட்டார்கள் என்று எழுதியிருப்பேன். முப்பது வருடமாக அப்படியேதான் சொல்லிச் சொல்லிப் பழக்கம். கடைசியில் எனக்கே அந்த யாரோ எனக்குத் தெரியாத ஒரு யாரோ ஆகிவிட்டாள். அது நான்தான். ஸவேலிச் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கினேன். வகுப்பிலேயே கணக்கில் நான்தான் முதல். வானத்தைச் சூடாக்குகிறார் என்றபோது எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன், அவள் என் அம்மா என்பது எனக்கு ஒரு பொருட்டேயில்லை என்று காட்டவேண்டும் போலிருந்தது. சுண்ணாம்புக் கட்டியால் பதினொன்று என்று பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டேன். கடைசி பெஞ்சு அதிகாரி தலையை ஆட்டினார். அஞ்சுதான் எங்கள் பள்ளியில் உச்ச மதிப்பெண். சிவப்பு மையில் ஸவேலிச் போட்டுக் கொடுத்தார். வாரக் கடைசியில் குறிப்பேட்டில் வீட்டில் கையெழுத்து வாங்கவேண்டும். அம்மா மேசையில் வைத்து, வெடித்த விரல்களால் பேனாவைப் பிடித்து, என்ன கணக்கு என்று கேட்டாள். நான் பெருமையாக முழுக்கச் சொன்னேன். அவள் கேட்டது இன்னும் ஒன்றே ஒன்றுதான்.

"பதினொண்ணா? சரியாத்தான் போட்டியா?"

சரியாகத்தான் போட்டேன் என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த அஞ்சு அந்தக் குறிப்பேட்டில் இன்னும் இருக்கும். பரணில் ஏறித் தேட எனக்குத் தைரியம் கிடையாது.

ஸவேலிச் வீட்டில் அன்றைக்கு என்னால் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. நீங்கள் கிளம்பலாமே என்று அவர் சொல்லியும் அம்மா முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாள். தலை வலிக்கவில்லையென்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் தினமும் அப்படித்தான் செய்வாளாம். ஆறு மணிக்குத் தகடுகளை மூடிவிட்டு, வகுப்பு வகுப்பாகப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தன் தலையை வைத்துச் சோதிப்பாளாம். அதற்கப்புறம்தான் பிள்ளைகள் வரலாம். விறகைக் குறைத்த பிறகு பிந்தி மூட்டி முந்தி மூடினால்தான் கட்டுப்படி ஆயிற்று, உட்கார்ந்து பார்க்க நேரமில்லாமல் போயிற்று என்றாள். அதையும் ஏதோ கிழங்கு விலை சொல்வது போல்தான் சொன்னாள்.

"அதெல்லாம் வானத்துக்குப் போன விறகு இல்ல வாத்தியாரே. கொள்ளி எடுத்துப் போட்டாக்கூட எனக்குச் சந்தேகம் தீராது. எதுக்கும் இருக்கட்டும்னு முக்கா மணி திறந்து வச்சிருப்பேன். முன் பெஞ்சுல இவ உக்காந்திருப்பா, அடுப்புக்கு நேரா."

நான் வெளியே வந்துவிட்டேன். முற்றத்தில் பனிக்குள் அந்தக் கொள்ளிக்கட்டை குத்திட்டு நின்றது, இன்னும் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்று அழுதேன். முகத்தில் கண்ணீர் உறைந்து இழுத்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைத்தேன், கடைசியில் கடையைத் திறக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா வந்தாள். இருவரும் சாப்பிட்டோம். வாயைத் திறந்தேன், அவள் உப்பை என் பக்கம் நகர்த்தினாள். மறுபடி திறந்தேன். காலையில் பேசலாம், தூங்கு என்றாள். காலையில் அவள் எனக்கு முன்பே எழுந்து ஸவேலிச் வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை அவர் தானே மூடினார். அம்மா உட்கார்ந்து மட்டும் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை அவர் கூரையில் ஏழிலிருந்து ஒன்பதுவரை புகை நேராக எழும்பியது. அப்புறம் நின்றது. காக்கைகள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்துபோயின. மத்தியானம் இன்னாவின் வண்டி வந்தது. கபிதலீனாவை நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். இன்னா தெர்மாமீட்டரை மாட்டினாளாம், பத்தொன்பது காட்டியதாம். கபிதலீனா அதைப் பார்க்கவேயில்லையாம். நாற்காலியை அடுப்பருகே கொண்டுபோகச் சொல்லி, உள்ளங்கையைச் செங்கல்மேல் வைத்து, அப்படியே கண்ணை மூடிக்கொண்டாளாம். இவ்வளவும் ரூஃபா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போகவில்லை. அந்த வாசலைத் தாண்ட எனக்கு முகம் இல்லை.

திங்கட்கிழமை கடையில் வழக்கமான கூட்டம். கென்கா உள்ளே வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். வாத்தியார் மாதிரி மூக்கால் அந்தக் கணக்கை இன்னொரு தடவை சொல்லிக் காட்டு ஃபாயா என்றான். நான் ரூஃபாவுக்குச் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைச் சாக்கிலேயே குத்தி வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அந்தக் கணக்க அன்னைக்குப் போர்டுல போட்டது நான். எங்கம்மாவோட பதினொரு மீட்டர் நான் போட்ட கணக்கு. முப்பது வருஷமா உங்ககிட்ட அதச் சொல்லாம மறைச்சிட்டேன்."

காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன். கென்கா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். ரூஃபாதான் பேசினாள்.

"தெரியும் ஃபாயா."

"என்ன தெரியும்?"

"நாங்களும் அந்த வகுப்புலதான இருந்தோம். நீ போர்டுக்கு ஓடுற அவசரத்துல என் பென்சில் பெட்டியத் தட்டிவிட்ட. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

முப்பது வருடம். முதலில் தெருவில், அப்புறம் இதே கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று, இதே ஆட்களிடம், யாரோ போட்டார்கள், யாரோ போட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தர் ஒரு நாள் குறுக்கே பேசியதில்லை. தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"அப்ப ஏன் யாரும் ஒரு வார்த்தை சொல்லல?"

"உங்கம்மா அப்பவே எங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் வந்து சொல்லிட்டாங்க. அவ சின்னப்பொண்ணு, இத வச்சு அவள யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு. அப்புறம் உனக்கு வயசாயிடுச்சு, ஆனா அவங்க சொன்னத மாத்தல." ரூஃபா பையைப் பிரித்துப் பிடித்தாள். "சர்க்கரையப் போடு, எனக்குப் பால் கறக்கப் போகணும்."

கரண்டியை எடுத்தேன். தராசுத் தட்டில் கொட்டியது பாதி, மேசையில் கொட்டியது பாதி. முள் நிற்க வெகு நேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தாமல் பையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.